மன்னிப்புக் கேட்டவள்

மதியம் இரண்டு மணி டியூட்டிக்கு வாசிதி வார்டுக்குள் நுழைந்தபோது, காலை டியூட்டிப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். ஆண்கள் அறுவை வார்டில் இருபத்தொன்பது கட்டில்கள் இருந்தன. ஒன்றுகூடக் காலியில்லை.

"நாலாம் கட்டில் அபிசாய். சர்க்கரை. இன்னைக்குக் காலைல ஒரு காலை முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு. அரை மணிக்கு ஒருதரம் பிரஷர், நாடி, கட்டுல ரத்தம் கசியுதான்னு பாக்கணும். இருபத்தேழாம் கட்டில், மரம் அறுக்கிற மில்லுல வேலை பாக்கிற பையன், ஆக்சிஜன் ஓடுது. சிலிண்டர் இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும். மிச்சம் உனக்கே தெரியும்."

"என்கூட யாரு?"

"சுவர்ல ஒட்டியிருக்கு, பாரு" என்று சிரித்துவிட்டு அவள் போனாள்.

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அன்று மதியத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வாசிதி. இன்னொன்று கெலெரா. கெலெரா வேலையை விட்டு ஏழு வாரமாகிறது. அவள் இப்போது பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள். அவள் இடத்துக்கு ஆள் போடும்வரை பெயரை எடுக்க முடியாது என்று அலுவலகம் சொல்லிவிட்டது.

மூன்று மணிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். அபிசாயின் மனைவி மகெலெசி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை டப்பாவில் கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். வாசிதி அபிசாயின் பிரஷரைப் பார்த்தாள், கட்டைத் தொட்டுப் பார்த்தாள், தாளில் எழுதினாள். "காலை எங்கம்மா போட்டீங்க? மீனுக்கு இரையா வச்சிடலையே?" என்று அரைமயக்கத்தில் அபிசாய் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

மூன்றேகாலுக்கு இருபத்தேழாம் கட்டில் பையனின் உதடு நீலம் பாய்ந்தது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்ற சிலிண்டரின் முள் அதற்குள் அடியில் கிடந்தது. ஏவலாள் பிணவறைக்குப் போயிருந்தான். வாசிதியே கிடங்குக்கு ஓடி, ஆளுயரச் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் பையனுக்கு வலிப்பு வந்துவிட்டது. டாக்டரை அழைத்தாள். அவர் அறுவை அறையில் இருந்தார். பையனைப் பக்கவாட்டில் திருப்பி, தாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக் கையால் குழாயை மாட்டினாள். கையை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். எடுக்காமலே நின்றாள்.

டாக்டர் வந்தபோது நாலு பதினெட்டு. பையன் பிழைத்தான். வாசிதி நாலாம் கட்டிலுக்கு வந்து போர்வையைத் தூக்கினாள். மெத்தை முழுக்க ரத்தத்தில் நனைந்து, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. மகெலெசி கணவரின் முகத்துக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

"தூங்குறாரும்மா" என்றாள்.

அபிசாய் ஆறு மணிக்கு இறந்தார்.

வார்டின் தலைமை நர்ஸ் ஷலேஷ்னி, முப்பது வருஷ சர்வீஸ். மறுநாள் காலை தேநீர் அறையில் அபிசாயின் தாளை எடுத்து வாசிதியின் முன்னால் வைத்தாள். மூன்றரை, நாலு என்ற இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

"பேனா இருக்கா?"

"எதுக்கு சிஸ்டர்?"

"எதுக்கா? ரெண்டு நம்பர் போடத்தான். நூத்திப்பத்துக்கு எழுபதுன்னு போடு. எல்லாரும் பண்றதுதான். நான் பண்ணாததா?"

"நான் பாக்கல சிஸ்டர். பாக்காததை எப்படிப் போடுவேன்?"

"சரிதான். உன்னை மாதிரி ஒருத்தியைப் பெத்துட்டு உங்கம்மா என்ன பாடுபடுறாளோ." ஷலேஷ்னி தாளை மடித்து உறையில் போட்டாள். "விசாரணைன்னு வந்தா ஒண்ணு மட்டும் சொல்லு. தனியா இருந்தேன், ஒரு உயிரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதை மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயைத் திறக்காத. ஜனவரில மருத்துவச்சிப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைச்சிருக்கு. உன் பேட்சுல பன்னெண்டு பேர். இப்ப நீ ஒருத்திதான் இங்க மிச்சம். உன்னையும் விட்டுட்டு நான் யாரைத் திட்டுறது?"

அந்தப் படிப்புக்காகத்தான் வாசிதி இங்கேயே இருந்தாள். அவள் ஊர் தீவின் மறுகரையில் இருந்தது. படகில் நாலு மணி நேரம். பிரசவ வலி கண்ட பெண்களைப் படகில்தான் ஏற்றினார்கள். அவள் அக்காள் அப்படி ஏறியவள்தான், இறங்கவில்லை. படிப்பை முடித்தால் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கெலெரா வீடியோவில் கூப்பிட்டாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை.

"கேள்விப்பட்டேன்டி. கிளம்பி வந்துடு. ஏஜென்ட் நம்பர் அனுப்புறேன்."

"அங்க என்னடி பண்ற?"

"துடைக்கிறேன், ஊட்டுறேன், டயப்பர் மாத்துறேன். ஊசி போடக் கூடாது, நான் இங்க நர்ஸ் கிடையாது. மூணு வருஷம் படிச்சதை ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்தேன்." கெலெரா கொட்டாவி விட்டாள். "ஆனா தூங்குறேன் வாசிதி. எட்டு மணி நேரம். யாரும் சாகுற மாதிரி கனவு வர்றதில்ல."

"பட்டியல்ல என் பேரு இன்னும் உன் பேருக்குப் பக்கத்துலதான் இருக்கு."

"வேணும்னா எனக்கும் சேர்த்து கையெழுத்துப் போட்டுக்க" என்று கெலெரா சிரித்தாள். வாசிதியும் சிரித்தாள்.

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் வாசிதி தன் தாய்மாமன் சகியூசாவுக்குப் போன் செய்தாள். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"அவங்க வீட்டுக்குப் போனியா?"

"இல்ல மாமா."

"அவங்க ஆளு உன் கையில இருக்கும்போது போயிருக்காரு. போகாம எப்படி இருக்க?"

"சிஸ்டர் பேசாம இருக்கச் சொன்னாங்க."

"சிஸ்டருக்கு என்ன தெரியும். சனிக்கிழமை வர்றேன்."

சனிக்கிழமை அவர் படகில் வந்தார். இடுப்பில் சடங்குக்கு உடுத்தும் புதுப் பாயைச் சுற்றி, மன்னிப்புக் கேட்கும்போது கொடுக்கும் பழுப்பேறிய திமிங்கலப் பல்லைச் சணல் கயிற்றோடு துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். கரைத்துக் குடிப்பதற்கு ஒரு கட்டு யங்கோனா வேரும் இருந்தது. அபிசாயின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்தபடியே இருவரும் உள்ளே போனார்கள். உள்ளே பாயில் அந்தக் குடும்பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகெலெசி கறுப்பு உடையில் சுவரோரம் இருந்தாள். வாசிதி மாமாவுக்குப் பின்னால், தலையைத் தூக்காமல் உட்கார்ந்தாள்.

சகியூசா பல்லை இரண்டு கையாலும் ஏந்தினார். "எங்க பொண்ணு உங்க வீட்டு ஆளைப் பாத்துக்கத் தவறிட்டா. காரணம் சொல்ல வரல. எங்க தலை குனிஞ்சிருக்கு. நடந்தது இதோட மண்ணுக்குள்ள போகட்டும்" என்றார்.

பிறகு அபிசாயின் அண்ணன் முன்னால் நகர்ந்து பல்லை வாங்கிக்கொண்டார். குழித்த கைகள் தட்டும் சத்தம் அறையை நிறைத்தது. வாங்கிக்கொண்டால் முடிந்தது. இனி அந்தப் பேச்சை எடுக்க அவர்களுக்கும் உரிமையில்லை, இவர்களுக்கும் உரிமையில்லை. யங்கோனாவைக் கரைத்தார்கள். மகெலெசி எழுந்து வந்து வாசிதியின் முகத்தைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

"நீ ஓடினதை நான் பாத்தேன்" என்றாள். "சிலிண்டரை உருட்டிட்டுப் போனதையும் பாத்தேன். அவர் தூங்குறதுக்கு முன்னால, உன்னைக் கூப்பிடட்டுமான்னு அவர்கிட்ட கேட்டேன். 'பொண்ணு வேலையை முடிச்சுட்டு வரட்டும்'னாரு. விசாரணைல வந்து இதைச் சொல்றேன்."

வாசிதி அன்று வீட்டுக்குப் போய் இரண்டு துண்டு கிழங்கு சாப்பிட்டாள்.

விஷயம் திங்கட்கிழமை ஷலேஷ்னி காதுக்கு வந்தது. மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்ன பண்ணிட்டு வந்திருக்க?"

"மன்னிப்புக் கேட்டோம் சிஸ்டர். அவங்க ஏத்துக்கிட்டாங்க."

"யாருடி உன்மேல தப்புன்னு சொன்னா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? பதினஞ்சு பேருக்கு முன்னால போய் தப்புன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கியே!"

"அது வேற சிஸ்டர்."

"உனக்கு வேற. காகிதத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்."

விசாரணை புதன்கிழமை காலை. நிர்வாகம் அனுப்பிய மூன்று பேர் நூலக அறையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். தலைவர் அறுபதை நெருங்கியவர். வாசிதியின் பக்கத்துத் தீவுக்காரர்தான். வாசலுக்கு வெளியே பெஞ்சில் மகெலெசி எட்டு மணியிலிருந்து காத்திருந்தாள். ஊழியர் தவிர வேறு யாரையும் விசாரிப்பதில்லை என்று குமாஸ்தா சொன்னார். "பரவால்ல, கூப்பிட்டா இருக்கேன்" என்று அவள் நகரவில்லை.

"மூணரைக்கும் நாலுக்கும் நீங்க நோயாளியைப் பாத்தீங்களா?" என்றார் தலைவர்.

"இல்ல சார்."

"பட்டியல்படி டியூட்டில ரெண்டு பேர். கெலெரா எங்க இருந்தாங்க?"

"பிரிஸ்பேன்ல சார்."

மேசையின் ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார். தலைவர் சிரிக்கவில்லை. "ஆள் போடுறது வேற பிரிவு. அது இந்த விசாரணைக்குள்ள வராது" என்று எழுதுபவளிடம் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சனிக்கிழமை அவங்க வீட்டுக்குப் பல்லு கொண்டுபோனீங்களா?"

"ஆமா சார்."

"உங்க மாமா என்ன சொல்லிப் பல்லைக் கொடுத்தாரு?"

வாசிதி ஷலேஷ்னியைப் பார்த்தாள். ஷலேஷ்னி மூலையில் உட்கார்ந்து தலையை லேசாக ஆட்டினாள், சொல்லாதே என்று.

"நான் பாத்துக்கத் தவறிட்டதா சொன்னாரு."

"நீங்க மறுத்தீங்களா?"

"இல்ல சார்."

"இப்ப மறுக்கிறீங்களா? தனியா இருந்ததால நடந்தது, உங்க தப்பில்லன்னு சொல்ல விரும்புறீங்களா? சொன்னா எழுதிக்கிறோம்."

கதவு பாதி திறந்திருந்தது. பெஞ்சில் மகெலெசியின் கறுப்புப் பாவாடை தெரிந்தது. என் தப்பில்லை என்று இங்கே சொன்னால், அங்கே கொடுத்தது பொய்யாகிவிடும். மாமா இனி அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. புதைத்ததை அவளே தோண்டியதாகிவிடும். எதிரே இருப்பவருக்கு அது தெரியும். அவர் வீட்டிலும் இப்படிப் பல்லு கொண்டுபோயிருப்பார்கள், வாங்கியிருப்பார்கள்.

"இல்ல சார்" என்றாள் வாசிதி.

"எழுதிக்கோம்மா" என்றார் தலைவர். "மறுப்பு இல்லை."

மதியம் ஒரு மணிக்கு முடிவை வாசித்தார்கள். இன்று முதல் வேலை இல்லை. நர்ஸ் பதிவை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கப் பரிந்துரை. ஜனவரி படிப்புக்கான இடம் ரத்து. பணிச்சுமை பற்றி ஒரு வரியும் இல்லை. ஷலேஷ்னி எழுந்து, "நானும் ஒரு வார்த்தை…" என்றாள். "எழுத்துல கொடுங்க சிஸ்டர்" என்று கோப்பை மூடினார்கள்.

வாசிதி வெளியே வந்தாள். நடைபாதையில் நின்றிருந்த லோசலினி, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன நர்ஸ், முடிவைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி, "அக்கா, கெலெரா அக்காவோட ஏஜென்ட் நம்பர் இருக்குமா?" என்றாள். வாசிதி அனுப்பினாள். உள்ளிருந்து யாரோ கூப்பிட, லோசலினி ஓடினாள்.

மகெலெசி பெஞ்சிலிருந்து எழப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். "என்னைக் கூப்பிடவே இல்லையேம்மா. என்ன சொன்னாங்க?"

"முடிஞ்சுதும்மா. வீட்டுக்குப் போங்க."

அப்போதுதான் கீழே பார்த்தாள். மகெலெசியின் இடது பாதத்தில் சுற்றியிருந்த துணி மழைச் சேற்றில் நனைந்து அவிழ்ந்திருந்தது. பெருவிரலுக்கு அடியில் காசு அகலத்தில் புண், ஓரம் வெளுத்திருந்தது.

"இது எத்தனை நாளா?"

"அவரு போன அந்த வாரத்துலேர்ந்து. வலியே இல்லம்மா."

"வலி இல்லாததுதான் மோசம். உங்களுக்கும் சர்க்கரை இருக்கும்போல." வாசிதி தரையில் மண்டியிட்டாள். சீருடைப் பையில் எப்போதும் கிடக்கும் கட்டுத்துணிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து, புண்ணைத் துடைத்து, விரலிடுக்கிலிருந்து சுற்றத் தொடங்கினாள். இரண்டு சுற்று வந்திருக்கும்.

"சிஸ்டர்." குமாஸ்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகில் நின்றார். "தப்பா நினைக்காதீங்க. இனி இங்க நீங்க யாரையும் தொடக் கூடாதாம். ஜன்னல்ல இருந்து பாத்துட்டு சொல்லியனுப்பினாங்க."

"சுத்தி முடிச்சுடறேன்."

"எனக்கும் வேலை போயிடும் சிஸ்டர்."

வாசிதியின் கை நின்றது. பிறகு பாதத்தை மெல்ல இறக்கி, குதிகால் மட்டும் தரையில் படும்படி வைத்தாள். மிச்சச் சுருளை மகெலெசியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இதை விடாம இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. விட்டா அவிழ்ந்துடும். வார்டுல சொல்லிட்டுப் போறேன், நர்ஸ் வந்து கட்டுவாங்க."

மகெலெசி தலையாட்டினாள். மூன்று மணிக்குப் பார்வையாளர்கள் வந்து அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். லோசலினி அந்த வழியாக இரண்டு முறை ஓடினாள், இரண்டு முறையும் "ரெண்டே நிமிஷம்மா" என்றாள். ஐந்து மணிக்குக் குமாஸ்தா நூலக அறையைப் பூட்டிக்கொண்டு போகும்போதும், மகெலெசி காலை நீட்டியபடி, பாதி சுற்றிய துணியின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.