பன்னிரண்டு பேரில் ஒருத்தி

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்குவது எழில்மதிக்குக் கான்ட்ராக்ட் வேலை. கணவன் இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அதில்தான் சோறு. 2018இல் புதிதாக வந்த சூப்பர்வைசர், இனி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் என்றான். விடியற்காலை அவன் செய்தி போட்டதும் முதலில் பதில் போடும் பன்னிரண்டு பேருக்குத்தான் அன்றைக்கு வேலை.

எழில்மதியிடம் பட்டன் போன்தான் இருந்தது. அவளோடு அதே வேலை செய்யும் பக்கத்து வீட்டு மரியசெல்வி தன் போனில் இருவர் பெயரையும் போட்டாள். மூன்றாம் நாளே சூப்பர்வைசர், “ஒரு போனுக்கு ஒரு ஆள்தான்” என்று தடுத்துவிட்டான்.

“நீயே போ. ஒனக்கும் புள்ளைங்க இருக்குதில்ல?” என்றாள் எழில்மதி. மரியசெல்வி அழுதுகொண்டே போனாள்.

எழில்மதி தினமும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். வேலை கிடைக்கவில்லை. பத்தாம் நாள் சின்னவள் பள்ளியில் பசி மயக்கத்தில் விழுந்தாள். அன்றே தோட்டை விற்று, காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கிப்போய் சூப்பர்வைசரிடம் நீட்டினாள்.

“குரூப்புல சேத்துக்குங்க சார்.”

“பத்து நாளா நீ வரல. ஒன் எடத்துல குரூப்புல வேற ஆளச் சேத்தாச்சு.”

“வாசல்லயே நின்னுக்கினு இருந்தேனே சார்! நீங்க பாத்தீங்களே!”

“குரூப்புல வரலியே,” என்று அவன் வண்டியைக் கிளப்பினான்.

எழில்மதி நேரே மரியசெல்வி பெருக்கிக்கொண்டிருந்த தெருவுக்குப் போய், அவள் துடைப்பத்தைப் பிடுங்கிப் பெருக்க ஆரம்பித்தாள்.

“ஏன்க்கா, கூலி தரமாட்டாங்களே!”

“அவரு இந்தப் பக்கம் வர்றப்ப நான் வேல செஞ்சிக்கினு இருக்கறதப் பாக்கட்டும்.”

மாலைவரை பெருக்கினாள். அவன் வரவில்லை.