பள்ளத்துப் பக்கம்

லாரியிலிருந்து வந்த தடித்த குழாய் நீலக் குளத்துக்குள் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. அது இரண்டாவது லாரி. தோட்டத்தில் சிந்திக் கிடந்த மணலைக் கூட்டி அள்ளச் சொல்லியிருந்தார்கள். தங்கபுஷ்பம் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாளே தவிர, ஒரு இழுப்புக்கூட இழுக்கவில்லை. அவள் கண் தண்ணீரை விட்டு நகரமாட்டேன் என்றது.

"இன்னாக்கா, வேலய உட்டுட்டு குளத்தையே மொறச்சிக்கினு நிக்கிற? எறங்கப் போறியா?" என்றான் லாரி டிரைவர் மெஹபூப் அலி.

"ஆமா, எனக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

தோண்டாமல், கட்டாமல், தரைக்கு மேலேயே நிறுத்துகிற குளம் அது. வட்டமாக இரும்புக் கால்களை நட்டு, நடுவில் முரட்டு ஷீட்டை மாட்டிவிட்டால் ஆயிற்று. உயரம் அவள் கழுத்துவரை வரும். முதலாளி சுரேஷ்குமாரின் மகன் அஸ்வினுக்கு இன்று பிறந்தநாள். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வந்து இதில் குதிக்கப் போகிறார்கள். கொட்டிவாக்கத்தில் அந்தத் தெருவிலேயே இப்படி ஒரு குளம் வேறு வீட்டில் இல்லை என்று முதலாளியம்மா காலையிலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் பார்த்தது வேறொன்று. வீட்டுப் பக்கம் தண்ணீருக்கும் குளத்தின் விளிம்புக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. பின்சுவர்ப் பக்கம் நாலு விரல்கூட இல்லை. காலையில் முதல் லாரி வந்து போனபோது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. கல்யாணமான நாள் முதல் புருஷனோடு கட்டட வேலைக்குப் போகிறவள், மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கிற ட்யூபின் மறுமுனையைப் பிடித்தபடி வெயிலில் நின்றவள். தண்ணீர் சாயாது. அப்படியானால் சாய்வது எது?

தோட்டம் முதலிலேயே சரிவுதான். வீட்டுப் பக்கம் மேடு, பின்சுவர்ப் பக்கம் பள்ளம். குளம் விற்ற கம்பெனியிலிருந்து வந்த ஆள் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனான். மேட்டை வெட்டி இறக்குங்கள், பள்ளத்தை நிரப்பி மட்டம் செய்யாதீர்கள், நிரப்பின மண் இத்தனை பாரத்தைத் தாங்காது என்றான். அவன் தலை மறைந்ததும் சுரேஷ்குமார் கையை உதறினார்.

"மேடு இருக்கது கன்னி மூலை. அங்க மம்பட்டி போட்டா தலைமகனுக்கு ஆகாதுன்னு வாஸ்துக்காரரு சொல்லிருக்காரு. எம்பிள்ள பொறந்தநாளுக்கு நானே குழி தோண்டவா? பள்ளத்த ரொப்பிரு பொன்ராசு."

"ரொப்பிரலாம் அண்ணாச்சி" என்றான் அவள் புருஷன் பொன்ராஜ்.

அதற்கு அவன் யோசிக்கவேயில்லை. எத்தனை வீட்டுக்கு அஸ்திவாரத்தில் மண் நிரப்பியிருப்பான்! ஆதம்பாக்கத்தில் மட்டும் ஒரு தெருவே அவன் நிரப்பினதுதான். மணலைக் கொட்டி, மேலே தண்ணீர் கட்டி, ஊறவிட்டு, திமிசுக் கட்டையால் குத்தினால் மணல் அப்படியே இறுகிப்போகும். அதே வேலையைத்தான் இங்கேயும் செய்தான். "கல்லு மாதிரி நிக்கும் அண்ணாச்சி" என்று மார்தட்டிச் சொன்னான். அவளும்தான் மணலைச் சுமந்து கொட்டினாள், மேலே ஏறி நின்று மிதித்தாள்.

ஆனால் வீட்டு அஸ்திவாரத்துக்கு நாலு பக்கமும் சுவர் இருக்கும். மணல் எங்கே போகும்? இங்கே பள்ளத்துப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஹாலோ பிளாக் கற்களை வெறுமனே அடுக்கியிருந்தார்கள். சிமெண்ட் வைக்கவில்லை. "அவசரத்துக்கு அடுக்கு லே, பொறவு பூசிக்கலாம்" என்று அண்ணாச்சியும் சொன்னார், பொன்ராஜும் சரி என்றான். நனைந்த மணல் சாய்கிற பக்கம் ஒரு தடுப்பும் இல்லை. இந்தப் புத்தி இப்போது வருகிறதே, மிதிக்கும்போது எங்கே போயிருந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் குளத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

குளத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. தரை அங்கே பள்ளம் என்பதால் குளத்தின் விளிம்பு அவள் தலைக்கும் மேலே நின்றது. குனிந்து பார்த்தாள். கற்கள் கறுத்து நனைந்திருந்தன. இரண்டு கற்களின் இடுக்கு வழியாக மணலும் தண்ணீருமாகக் குழைந்து வடிந்துகொண்டிருந்தது. நடுக்கல் ஒன்று வரிசையை விட்டு வெளியே வந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பொன்ராஜ் கிணற்றடியில் மம்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இங்க வாங்க. பின்னால கல்லு தள்ளிக்கிட்டு வருது."

"எந்தக் கல்லு?"

"நாம அடுக்குன கல்லுதான். மண்ணு பூரா வெளிய வருது. கொளம் அந்தப் பக்கம் எறங்கிட்டுங்க."

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. கழுவின மம்பட்டியையே திரும்பக் கழுவினான்.

"அண்ணாச்சிட்ட சொல்லுங்க. தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க."

"மெதுவாப் பேசு ளா. கல்லு மாதிரி நிக்கும்னு சொன்னது யாரு? நாந்தானே? இப்பப் போய் என்னன்னு சொல்ல?"

"அதுக்காவ? பிள்ளையள் எறங்குற எடம்."

"நம்ம பிள்ள அங்க கடைல நிக்கா. அத யோசிச்சியா நீ?"

அவர்கள் மகள் பூஜா தியாகராய நகரில் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். தங்குவதும் கடை மாடியில்தான். நம்ம ஊர்ப் பிள்ளை என்ற ஒரே வார்த்தையில் சேர்த்துக்கொண்டார். ஒரே வார்த்தையில் வெளியே அனுப்பவும் அவரால் முடியும். போன மாசம் அப்படி ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை பூஜாவே அழுதுகொண்டு சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு பொழுது நின்னுரும். காலைல வந்து கலவை போட்டு முட்டுக் குடுத்துரலாம். நின்னுரும் பாரு" என்றான் பொன்ராஜ். சொன்னது அவளுக்கா, சாமிக்கா, தெரியவில்லை.

அப்போதுதான் அஸ்வின் வந்தான். நீச்சல் கால்சட்டை, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் காற்றடித்த பெரிய மஞ்சள் வாத்து. ஓடிவந்த வேகத்தில் ஏணியில் ஏறி வாத்தைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தான். குழாய்த் தண்ணீரின் வேகம் அதைப் பின்சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. பையன் ஒரு காலைத் தூக்கி உள்ளே போட்டான்.

தங்கபுஷ்பத்துக்கு மகளும் நினைவில்லை, கடையும் நினைவில்லை.

"தம்பீ! எறங்காத!"

விளக்குமாறு ஒரு பக்கம் பறந்தது. ஓடிப்போய்ப் பையனை இடுப்போடு வாரித் தூக்கித் தரையில் விட்டாள். அவன் வீல் என்று கத்தினான். மாடி வராந்தாவில் பலூன் கட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா சந்திரிகா எட்டிப் பார்த்தாள்.

"ஏய், பிள்ளய எதுக்குத் தூக்குற? ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"மதினி, கொளம் சாயுது மதினி. அடில மண்ணு ஓடுது. தம்பிய உள்ள கூப்பிடுங்க."

சொல்லியாயிற்று. கிணற்றடியிலிருந்து பொன்ராஜ் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, வெறும் பயம்தான்.

சத்தம் கேட்டு சுரேஷ்குமார் போனும் கையுமாக வெளியே வந்தார். வியாபாரி அல்லவா, ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. விளிம்பைப் பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், அடுத்த நொடி மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சந்திரிகா! பிள்ளய மாடிக்குக் கூட்டிட்டுப் போ. நான் சொல்லுத வரைக்கும் யாரும் கீழ எறங்கக் கூடாது." பிறகு திரும்பி, "லாரிக்காரரே, தண்ணிய நிறுத்தும்!" என்றார்.

மெஹபூப் அலி ஓடிப்போய் வால்வை மூடினான். "சார், கொளத்துத் தண்ணியத் தொறந்து உட்டுருங்க சார். போனாப் போவுது. எவ்ளோ வெயிட்டு கீதுன்னு எனக்குத் தெரியும். இத்தத்தான் டெய்லி இஸ்துக்கினு சுத்துறேன்."

"தொறந்தா எங்க போகும்? பின்வீட்டுக்காரர் வீட்டுக்குள்ள போகும். ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போவேன்னு நிக்காரு. சாயந்தரம் அம்புட்டுப் பிள்ளையளும் வருது, காலிக் கொளத்தக் காட்டவா?" அவர் பொன்ராஜைப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்கும்னியே லே?"

"ஆமா அண்ணாச்சி. தப்பு நடந்துபோச்சு."

"சவுக்குக் கட்டைக்கு இப்பவே போன் போடுதேன், வந்துரும். அதுவரைக்கும் சாரப் பலகைய வச்சு முட்டுக் குடு. போ."

போ என்று அவர் கை காட்டியது குளத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துப் பக்கம். தங்கபுஷ்பம் குறுக்கே போய் நின்றாள்.

"அங்க ஒரு ஆள் நிக்கவே எடமில்ல அண்ணாச்சி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா ஓடக்கூட வழியில்ல. ஒங்க கால்ல விழுதேன், தண்ணியத் தொறந்துவிடுங்க."

"ஒம்புருசன் செஞ்ச வேல. அவன்தான சரி பண்ணணும்? ஊர்க்காரன்னு நம்பித்தானே குடுத்தேன்." குரலை உயர்த்தவே இல்லை அவர். "ஒம்பிள்ளய அப்படி நம்பித்தானே கடைல வச்சிருக்கேன்?"

இத்தனைக்கும் அவர் மகனை வாரித் தூக்கிய ஈரம் அவள் புடவையில் இன்னும் காயவில்லை.

பொன்ராஜ் லுங்கியை மடித்துக் கட்டினான். அவளைப் பார்க்காமல் பலகையை எடுத்துக்கொண்டு, ஒருக்களித்து, சந்துக்குள் நுழைந்தான். முதுகைக் காம்பவுண்டுச் சுவரில் கொடுத்து, பலகையைக் குளத்தின் வயிற்றில் அழுத்தினான். ஷீட் ஏற்கெனவே கர்ப்பக்காரி வயிறுபோலப் பிதுங்கி இரும்புக் கால்களுக்கு வெளியே வந்திருந்தது. பலகை நீளமானது. ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை விலகியது.

"ஏளா" என்றான் உள்ளேயிருந்து. குரல் அவன் குரலாகவே இல்லை. "அந்த முனை நிக்க மாட்டேங்கு."

"போவாதக்கா" என்றான் மெஹபூப் அலி. குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். "சொல்றேன்ல, போவாத."

"நீரு உம்ம வேலயப் பாத்துட்டுக் கெளம்பும்" என்றார் சுரேஷ்குமார்.

தங்கபுஷ்பம் போனாள். போகாமல் என்ன செய்வாள், உள்ளே நிற்பவன் அவள் புருஷன். மறுபக்கமாக நுழைந்து பலகையின் முனையை இரண்டு கையாலும் பிடித்தாள். முதுகில் சுவர் சுட்டது. முகத்துக்கு நேரே ஷீட் சில்லென்று இருந்தது. அதற்குப் பின்னால் அத்தனை தண்ணீரும் அசைவதைப் பலகை வழியாக உள்ளங்கையில் உணர்ந்தாள். காலடியில் மணல் கரைந்து விரல்களுக்கு நடுவே ஓடியது. மூச்சை இழுத்து விடக்கூடப் பயமாக இருந்தது. மூச்சு பட்டால் ஒடிந்துவிடுமோ என்று இருந்தது.

"பயப்படாத" என்றான் பொன்ராஜ். அவன் பல் தந்தியடித்தது.

"பேசாம நில்லுங்க" என்றாள்.

வீட்டு முன்னாலிருந்து சுரேஷ்குமாரின் குரல் கேட்டது. கார் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "வண்டிய ரோட்டுக்கு எடுத்திரு. தண்ணி வந்தா இன்ஜினுக்குள்ள போயிரும். பாத்து, மெதுவா எடு, சுவத்துல உரசிராம." கார் மெல்லப் பின்னால் நகர்கிற சத்தம். கேட் திறந்தது. பிறகு அவரும் படியேறி மாடிக்குப் போனார். மேலிருந்து எட்டிப் பார்த்து, "அசையாம நில்லுங்க ரெண்டு பேரும். கட்டை இப்ப வந்துரும்" என்றார்.

அவள் காலுக்குப் பக்கத்தில் நடுக்கல் வரிசையிலிருந்து கழன்று தொப்பென்று விழுந்தது. குளம் ஒரு அங்குலம் இறங்கியது. அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உச்சந்தலையில் ஒரு கோடாகத் தண்ணீர் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே விளிம்பு நெடுகத் தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது. அந்த ஓட்டத்தில் மிதந்து வந்த மஞ்சள் வாத்து விளிம்பில் தொற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் கழுத்தை நீட்டியது.

மாடியில் பையன் குதித்தான். "அப்பா! என் வாத்து! வாத்து விழப் போகுது!"

"அழாத, விழாது" என்று சமாதானம் செய்தார் சுரேஷ்குமார். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்தார். "பொன்ராசு! அந்த வாத்தக் கொஞ்சம் பிடிச்சுக்கோ லே."

பொன்ராஜின் இரண்டு கைகளும் பலகையில் இருந்தன.