விசிறிக்குத் தாவு

என் மனைவியின் அண்ணன் விஜயபாண்டிக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. பறித்த காயை அங்கேயே ஸ்டோரில், அதாவது விறகு எரித்துச் சூடேற்றும் அறையில், காய வைப்பார். சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டிப் போனால் காய் பச்சை நிறம் இழந்து வெளுத்துவிடும். வெளுத்த காயை வாங்க ஆளிருக்காது. அதனால் ஒருவர் உட்கார்ந்து, சூடு ஏறும்போதெல்லாம் அதை வெளியே தள்ளும் விசிறியைப் போட வேண்டும்.

"அந்தச் சோலிய என் பெட்டி பாத்துக்கிரும் மச்சான்" என்றேன்.

பெட்டி என்பது நானே மின்சில்லுகளைக் கோத்துச் செய்த செயலி, அதாவது கணினிக்குள் மூளையாக இருக்கும் ப்ராசஸர். இந்த வேலைக்குக் கடையில் ஆயத்தமாகவே ஒரு கருவி கிடைக்கிறது. அதை வாங்கியிருந்தால் இந்தக் கதை இல்லை.

என் செயலிக்கு எண்கள் மட்டுமே புரியும். 'விசிறியைப் போடு' என்றால் விழிக்கும். 5 என்றால் போட்டுவிடும். எண்களாகவே எழுதிச் சலித்துப்போய், சொற்களை எண்களாக்கும் அசெம்பிளர் ஒன்றைக் கணினியில் எழுதினேன். இனி, 'சூடு ஐம்பதைத் தாண்டினால் விசிறிக்குத் தாவு' என்று எழுதலாம். 'விசிறி' என்று பெயரிட்ட வரி எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தின் எண்ணை அசெம்பிளர் போட்டுக்கொள்ளும்.

இங்கே ஓர் அழகான சிக்கல். தாவச் சொல்லும் வரியைப் படிக்கும்போது 'விசிறி' இன்னும் வரவே இல்லை. அதன் எண் எப்படித் தெரியும்? முழுவதையும் ஒருமுறை படித்து, எந்தப் பெயர் எங்கே என்று குறித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்து எண்களைப் போட வேண்டும். நான் ஒரே வாசிப்பில் முடிப்பேன் என்று வீம்பு பிடித்தேன். தெரியாத இடத்தில் பூஜ்யம் போட்டுவைத்தேன். அதை நிரப்பும் பகுதியை மறுநாள் எழுதுவதாகத் திட்டம். மறுநாள் பெட்டிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வீட்டில் சோதித்தேன். போடியில் அன்று மழை. சூடு ஏறவில்லை, தாவும் அவசியமே வரவில்லை. பிரமாதமாக வேலை செய்தது.

தோட்டத்தில் பெட்டியை மாட்டிவிட்டு, விஜயபாண்டியையும் ஜீப் ஓட்டும் சின்ராசுவையும் வெளியே உட்கார வைத்து இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். சின்ராசு மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணே, வாடை ஒரு மாதிரி வருதே?"

விஜயபாண்டி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அடித்தட்டுக் காய் மஞ்சளித்திருந்தது. விசிறி அசையவில்லை.

"மாப்ளே, ஒங்க பெட்டி தூங்குதா?"

தூங்கவில்லை. சூடு ஐம்பதைத் தாண்டியதும் பூஜ்யத்துக்கு, அதாவது முதல் வரிக்குத் தாவியிருக்கிறது. முதல் வரி, 'விசிறியை நிறுத்து'. சூடு ஏற ஏற, என் செயலி மிகுந்த பொறுப்போடு விசிறியை நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"கழட்டுங்க அத. மேல்தட்டுக் காயாச்சும் தப்பட்டும். சின்ராசு, பழைய சுவிட்ச வெரசா கொண்டா!"

"கொஞ்ச நேரம் குடுத்தா இங்கயே சரிபண்ணி..."

"அடுத்த பறிப்புக்குப் பாப்போம். இப்ப இதுல உக்காருங்க."

ஸ்டூல் ஒன்றை வெப்பமானிக்கு எதிரே போட்டு, சுவிட்சை என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, அப்ப இனி நீங்கதேன் பெட்டியா?" என்றான் சின்ராசு.

ஆமாம், நான்தான். பார், ஒப்பிடு, போடு, நிறுத்து. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முறை வாசிப்பது ஏன் அவசியம் என்று சின்ராசு கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். எப்படியோ, நான் விளக்க ஆரம்பித்துவிட்டேன்.

"மாப்ளே!" விஜயபாண்டியின் குரல் ஸ்டோரையே உலுக்கியது. "அம்பத்திரெண்டு!"

விசிறியைப் போட்டேன். மேல்தட்டுக் காய் கடைசிவரை பச்சையாகவே இருந்தது. ஆனால் அதற்கு வெகுமுன்பே, மச்சான் சுவிட்சை என்னிடமிருந்து வாங்கிச் சின்ராசுவிடம் கொடுத்துவிட்டார்.