ராகு காலத்துக்கு முன் ஒரு லேப்டாப்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பெண்கள் கழிப்பறை. எழுதும் நோட்டு என் சீருடைக்குள் இருக்கும். பத்து நிமிடம் தாண்டினால் சூப்பர்வைசர் ரோஹானா கதவைத் தட்டுவாள். அதனால் அத்தியாயங்கள் குட்டையானவை.

முதல் தொடக்கம்: கொம்தார் கோபுரத்தின் மேல் சூரியன் தன் பொற்கதிர்களை—

வேண்டாம். லேப்டாப் கடை அந்தக் கோபுரத்தின் மூன்றாவது மாடியில், உள்பக்கம். சூரியனுக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவது: 1999இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஞானாம்பிகை அப்பாவோடும் அண்ணனோடும் லேப்டாப் வாங்கப் போனாள். இருக்கட்டும்.

2

ஞானாம்பிகை நானில்லை. (அவள் மூக்கு சிறியது.) மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில், மலாய் வாய்மொழித் தேர்வுக்கு எழுந்து நின்றாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது தொழிற்சாலையில், போர்டுகளில் பற்றவைத்த சிப்புகளை உருப்பெருக்கியில் பார்க்கிறாள். அவள் அப்பா அப்புத்துரை சொந்தக்காரர்களிடம், "மக ஆபீஸ்ல இருக்கா" என்கிறார். அவள் அங்கே என்ன பார்க்கிறாள் என்று அவர் கேட்டதேயில்லை.

லேப்டாப் அவளுடைய மூன்று வருட போனஸ். அண்ணன் தியாகராஜாவின் படிப்புக்கு என்பது அப்பாவுக்குச் சொன்னது. உண்மையில் கார்ப் பந்தயம் விளையாட. ஞாயிற்றுக்கிழமை முழுக்க லேப்டாப் அவளுக்கு என்பது எங்கள், மன்னிக்கவும், அவர்கள் ஒப்பந்தம்.

3

கடைக்காரர் ஜபருல்லா இரண்டைத் திறந்து வைத்தார். ஒன்று வெள்ளி நிறத்தில் மெலிந்த அழகி. மற்றது அம்மிக்கல், ஆனால் அதில் விளையாட்டுப் படங்களை வேகமாக வரையத் தனி கிராபிக்ஸ் சிப் இருந்தது. இரண்டும் ஒரே விலை.

"கேம்ஸ் ஓடுமாண்ணே?" என்றான் அண்ணன், அப்பாவுக்குக் கேட்காமல்.

"அழகிய எடு தம்பி. இப்ப கொஞ்சம் ஸ்லோலா. பிறகு கொண்டு வா, கிராபிக்ஸ் சிப்ப மாத்தித் தர்றேன். செனாங் லா, ரொம்ப சுலபம், அஞ்சு நிமிஷ வேல!"

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து இருவத்தாறு. பத்தரைக்கு ராகு காலம். சீக்கிரம் பில்ல போடுங்க. இதான் லட்சணமா இருக்கு."

(பெண் பார்க்கப் போனாலும் இதையே சொல்வார்.)

மாற்ற முடியாது. சிப் போர்டோடு பற்றவைத்தது. பிடுங்கினால் போர்டும் சேர்ந்து வரும். ஞானாம்பிகை அதைத் தினம் எண்ணூறு முறை பார்க்கிறாள். ஆனால் பக்கத்தில் பிரிண்டர் மை வாங்க, அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவரான விநாசித்தம்பி மாமா வந்து நிற்கிறார்.

"என்னம்மா, ஆபீஸ் வேலயெல்லாம் எப்படி?"

4

முடிவு அ: "பொய் சொல்றீங்கண்ணே!" என்று ஞானாம்பிகை கர்ஜித்தாள். கடையே—

இதை நானே நம்பவில்லை.

முடிவு ஆ: அவள் பேசவில்லை. அழகியையே வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயக் கார் பினாங்கு ரோட்டு திரிஷா சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி ஊர்ந்தது. இதை நம்புகிறேன். அதனால்தான் பிடிக்கவில்லை.

முடிவு இ: அவள் தன் பேனாவை எடுத்து, பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி ஜபருல்லாவிடம் தள்ளினாள்: 'சிப்பை மாற்றித் தருவேன் என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.'

ஜபருல்லாவின் பேனா பில்லின் மேலேயே நின்றது. "இது... அதுலா..."

அப்பா எட்டிப் படித்தார், கடைக்காரர் முகத்தையும் பார்த்தார். "மாத்த முடியாதா? ஒனக்கு எப்படித் தெரியும்?"

மாமாவும் திரும்பிப் பார்க்கிறார். பத்து இருபத்தொன்பது. இங்கே ரோஹானா கதவைத் தட்டுகிறாள். எங்கே வேலை பார்க்கிறேன் என்று ஒரே வரியில் சொன்னால் போதும்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். சத்தத்தை நீங்கள் போடுங்கள்.