லிஃப்ட் பரிசோதகர் கோச்சைப் பார்க்கப் போன கதை

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் என்னோடு லிஃப்ட்டில் ஏறிய பெண்மணி, சுவரில் ஒட்டியிருந்த சோதனைச் சான்றிதழைப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். கதவு மூடுவதற்குள் இறங்கிப் படியேறிப் போய்விட்டார். நான் ஐந்தாம் மாடிவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். நடந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

(என் கதைப் பெண்ணுக்குத் தன் வாழ்க்கை மேலே போகிறதா கீழே போகிறதா என்று... வேண்டாம். அசட்டு ஜோக்.)

நேராகவே சொல்கிறேன். அவள் பதினாறு வருடமாக லிஃப்ட் பரிசோதிக்கிறவள். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைவரை ஏறுவாள். கம்பிவடத்தை விரலால் தடவுவாள், பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பாள், அப்புறம்தான் கையெழுத்து. ஏறி ஏறி முட்டி தேய்ந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து நிறுவனம் பதவி உயர்வு தருகிறது. இனி எங்கும் ஏற வேண்டாம். மற்றவர்கள் சோதித்து அனுப்பும் படிவங்களில் அறையில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டால் போதும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"நான் போய்ப் பாக்காம எப்படி சார் கையெழுத்துப் போடறது?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"உங்களுக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் கம்மி மேடம்" என்று அவர் ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார். லைஃப் கோச். முதல் சந்திப்பு இலவசம்.*

* கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் கார்டு வந்தால் எனக்கு மூக்கில் வேர்க்கும். உங்களுக்கும் வேர்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.

3

தங்கையிடம் போனில் சொன்னாள்.

"போய்ப் பேசிட்டுத்தான் வாயேன்க்கா. பேசறதுல என்ன குறைஞ்சுடப் போகுது?"

"அவர் என்னடி சொல்லுவார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். கேள்விதான் கேப்பாங்களாம். பதில் உன்கிட்டயே இருக்குமாம்."

"என்கிட்ட இருக்கறத எடுத்து என்கிட்டயே குடுக்க அவர் எதுக்கு?"

"உன் கல்யாணத்தன்னிக்கு மேடைய ஆட்டிப் பாத்துட்டு ஏறினவதானே நீ. உன்கிட்ட யார் பேச முடியும்?"

4

கோச்சை வில்லனாக்கத்தான் ஆசைப்பட்டேன். (அவருடைய பல்வரிசை விளம்பரத்தில் வருவதுபோல... நிறுத்து.) மேனேஜரின் கையாள் என்று வைத்தால் வேலை சுலபம். எனக்குச் சுலபமாக வருவதன் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் அவரை நல்லவராகவே விட்டுவிட்டேன்.

சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. அவள் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். நிஜச் செடிதான்.

"இந்த வேலைய ஏத்துக்கிட்டா என்ன ஆயிடும்னு பயப்படறீங்க?"

"பயமெல்லாம் இல்லைங்க. வடம் அறுந்தா உள்ள இருக்கறவங்க செத்துடுவாங்க. அதான்."

"அப்படி எத்தனை தடவை நடந்திருக்கு?"

"என் கையெழுத்துல ஒரு தடவைகூட இல்ல."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என்ன குறித்தார் என்று நானும் எழுதவில்லை.

"சரி, இங்க வர்றப்போ நான் என்ன சொல்லணும்னு நினைச்சுக்கிட்டு வந்தீங்க?"

அவள் எழுந்து போய்த் தொட்டியை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"ஏத்துக்கோங்கன்னு சொல்லணும்னு" என்றாள். சொன்னதுமே அவளுக்கு அவமானமாக இருந்தது. முகம் கன்றிப்போய்விட்டது.

"சொல்லட்டுமா?"

"வேணாங்க."

கோச்சிடம் எப்போது போகலாம் என்று என்னைக் கேட்டால், வழி நிஜமாகவே தெரியாதபோது தாராளமாகப் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் நன்றாகத் தெரிந்து, அந்தப் பதிலால் முட்டி வலிக்கும்போதும் போகிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் 'அவர்தானே சொன்னார்' என்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் அவளைவிட என்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரிந்துவிடும்.

5

வெள்ளிக்கிழமை. இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

அ) மறுத்துவிடுகிறாள். நீங்கள் மனசுக்குள் கைதட்டுவீர்கள். ஆனால் திங்கட்கிழமையே அந்த நாற்காலி இன்னொருவருக்குப் போகும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர் அவர். இவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டு தன் பங்கு லிஃப்ட்டுகளை மட்டும் காப்பாற்றுவாள்.

ஆ) ஏற்றுக்கொள்கிறாள். முதல் வாரம் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. இரண்டாம் வாரம் பாதிக்குப் பாதி. மூன்றாம் மாதம் ஒரு நாள், முட்டி ரொம்பக் குத்தியதால், ஒரே ஒரு படிவத்தை மட்டும்...

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. என் வீடு தரைத்தளத்தில். அவள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்கு ஒரு மயிரிழை ஆபத்தும் கிடையாது. அப்படிப்பட்டவன் முடிவு சொல்வது அயோக்கியத்தனம்.

இதோ, பதவி உயர்வுப் படிவம் மேசைமேல் இருக்கிறது. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன் ஒன்று. உங்கள் வீடு எந்த மாடி?