நாலு வினாடி

காலை ஆறரை மணி. ஒஹையோவில் அது முந்தின நாள் மாலை ஏழு. அங்கே வேட் ஹாலிங்கர் மைக்கின் முன் அமரும்போது, இங்கே ரங்கூனின் தாமுவே பகுதியில் ஐந்தாம் மாடியில் பிரேம்நாத் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். அந்த வாரம் பிரேமின் தெருவுக்கு மின்சாரம் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. ஒன்பதுக்குள் வேலை முடிய வேண்டும். வேட் இரண்டு மணி நேரம் இணைய நேரலையில் அமெரிக்க அரசியல் பேசுவார். அதிலிருந்து ஆறு துண்டுகளை வெட்டி, எழுத்து ஓட்டி, தலைப்பு வைத்து ஏற்றுவது பிரேமின் வேலை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அவனிடம் படித்த டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அப்போது கிடைத்த வேலை இது. மூன்று வருடமாகிறது. அம்மா ரத்தினம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் மகன் அமெரிக்கக் கம்பெனிக்கு வீடியோ வேலை செய்கிறான் என்பது. இண்டியானாவில் இருக்கும் தம்பி பாலாவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வேலையில் பிரேம் கெட்டிக்காரன். மனிதனின் கோபம் ஐம்பது வினாடிக்கு மேல் தாங்காது என்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டான். பேசுகிறவர் மூச்சு வாங்கினால் பார்ப்பவனின் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். அதனால் மூச்சை வெட்டுவான். இருமலை, தண்ணீர் குடிப்பதை, "அதாவது" என்பதை, சொல் தேடும் இடைவெளியை வெட்டுவான். அவன் கையில் வேட் தயங்காத மனிதர். அசல் வேட் நிறையத் தயங்குவார் என்பது அவருடைய மனைவிக்கும் பிரேமுக்கும் மட்டும் தெரியும்.

அவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் பிரேமுக்கு உடன்பாடு. பெண்கள் ஓட்டப் பந்தயத்தில் ஆண் ஓடலாமா என்று அங்கே ஒரு வாரம் சண்டை நடந்தது. இதற்கு ஒரு வாரம் எதற்கு என்று பிரேம் நினைத்தான். பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் சொல்லக்கூடாது என்றால் வேறு யார் சொல்வது? அப்பா இல்லாத வீட்டைப் பற்றி வேட் பேசிய நாளில் பிரேம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவனுடைய அப்பா குழந்தைவேலு, துறைமுகத்தில் கணக்கெழுதியவர், பாலாவுக்கு ஏழு வயதில் இறந்துபோனார். பிறகு பாலாவைக் குளிப்பாட்டியதும் அடித்ததும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததும் பிரேம்தான். கல்யாணம் என்ற பேச்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து இப்போது வயது நாற்பத்து நான்கு. ஒரு மனிதன் தன் வீட்டுக்காகச் செய்வதை யாரோ ஒருவர் அதன் பெயர் சொல்லிப் பாராட்டுவதை அவன் அன்றுதான் கேட்டான்.

விருந்தாளிக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரிய வேண்டும் என்பது வேட் அடிக்கடி சொல்வது. குழந்தைவேலுவின் அடையாள அட்டை நீல நிறம். அதில் அச்சிட்டிருந்த பர்மியச் சொல்லுக்கு விருந்தாளிக் குடிமகன் என்று அர்த்தம் வரும். அவர் பிறந்தது ரங்கூன் பொது மருத்துவமனையில். அந்த அட்டையை அலுவலகம் அலுவலகமாக நீட்டிய அப்பாவின் கை பிரேமுக்கு நினைவிருக்கிறது. ஆனாலும் அதே பேச்சு அமெரிக்க ஆங்கிலத்தில், நல்ல மைக்கில் வந்தபோது அது கொள்கை மாதிரி இருந்தது. அவன் அதற்குக் கச்சிதமாகத் தலைப்பு வைத்தான்.

நவம்பர் கடைசியில், பர்மாக்காரர்களைத் திருப்பி அனுப்பாமலிருக்கக் கொடுத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பை அமெரிக்க அரசு முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. பாலா அந்தப் பாதுகாப்பில்தான் இருந்தான். படிக்கப் போனவன், இங்கே ஆட்சி மாறியதும் அங்கேயே நின்றுகொண்டான். இப்போது ஒரு கிடங்கில் வேலை. வயது முப்பது. இங்கே ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்ப்பதற்கு முப்பத்தைந்து வரை பார்க்கிறார்கள். வேட் அந்த அறிவிப்பைப் பற்றி நிதானமாகத்தான் பேசினார். பர்மியர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள், என் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றார். ஆனால் தற்காலிகம் என்றால் தற்காலிகம். சொல்லுக்கு அர்த்தம் இருக்க வேண்டும். அதை மீறிக்கொண்டே போனால் சட்டம் என்று எதைச் சொல்வது? பிரேம் அதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு நாற்பத்தொரு வினாடியில் வெட்டி, "தற்காலிகம் என்றால் தற்காலிகம்" என்றே தலைப்பு போட்டு ஏற்றினான்.

ஊரில் அப்போது எல்லோருக்கும் ஒரு பேச்சு வந்திருந்தது. தொலைபேசியில் யார் எதைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறோம் என்பார்கள். யாராவது ஒட்டுக்கேட்கலாம். பேருந்து நிறுத்தத்தில் சிப்பாய்கள் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். மூன்றாம் மாடி ஸமீராவின் மகன் ஆபித் அக்டோபரில் வேலை முடிந்து வரும் வழியில் ராணுவத்துக்கு ஆள் பிடிப்பவர்களிடம் மாட்டிக்கொண்டான். பயிற்சி முகாமில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். பினாங்கிலிருந்து தங்கை கேட்கும்போது ஸமீரா, ஆபித் மௌல்மீனில் வேலையில் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ், நல்ல சாப்பாடு, என்பாள். தங்கையும் அல்ஹம்துலில்லாஹ் என்பாள். அப்புறம் தங்கை அழுவது இங்கே கேட்கும். சொன்னதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கார்த்திகை மாதம் என்று அம்மா விடியற்காலையிலேயே முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். ஏழு மணிக்கு, நிகழ்ச்சியின் தயாரிப்பைக் கவனிக்கும் கைல் என்ற பையனிடமிருந்து செய்தி வந்தது. வேட் உன்னோடு இரண்டு நிமிடம் பேச விரும்புகிறார், நேரலையில், பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், சம்மதமா? பிரேம் எழுந்து கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தான். சன்னலைச் சாத்தினான். இருப்பிடம் தெரியாமலிருக்க இணைப்பு எந்த நாட்டு வழியாகப் போகிறது என்று பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. சட்டையை மாற்றிக்கொண்டான். முகம் வேண்டாம் என்று சொல்லியிருந்தது உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நம் குழுவில் ஒருவர் ரங்கூனில் இருக்கிறார், மூன்று வருடமாக நம்மோடு உழைப்பவர் என்று வேட் ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடியும் வரை பிரேம் மூச்சு விடவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். மொஹிங்கா என்றான். அது என்ன என்றார். மீன் குழம்பில் நூல் நூலாகச் சேமியா போட்டு, வாழைத்தண்டு, மேலே வறுத்த பருப்பு என்று விளக்கினான். வேட் சிரித்தார். கடைகள் திறந்திருக்கின்றனவா? திறந்திருக்கின்றன. பேருந்து ஓடுகிறதா? ஓடுகிறது. தேர்தல் வருகிறதாமே? வருகிறது.

பிறகு வேட் குரலைத் தாழ்த்தி, நேராகவே கேட்டார். அங்கே பாதுகாப்பாக இருக்கிறதா?

பிரேம் பதில் சொல்லவில்லை. மூன்றாம் மாடி வாசலில் ஆபித்தின் செருப்பு இன்னும் கிடக்கிறது. ஸமீரா அதைத் துடைத்து அதே இடத்தில் வைக்கிறாள். பிரேம் படியேறும்போது அதைப் பார்க்காமல் ஏறப் பழகியிருந்தான். வேட் காத்திருந்தார். அவர் காத்திருப்பது பிரேமுக்குத் தெரிந்தது. நல்ல மனிதர், தன்னைப் போய்ப் பேசச் சொன்னவர், லட்சம் பேருக்கு முன்னால் இந்த அமைதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"பாதுகாப்பாகத்தான் இருக்கிறது, சார்" என்று பிரேம் ஆங்கிலத்தில் சொன்னான்.

நன்றி, சகோதரா, என்றார் வேட். கேட்டுக்கொள்ளுங்கள், இது அகதிகளுக்காக வாதாடும் வக்கீல் சொல்வதல்ல, அந்த மண்ணில் நிற்கும் மனிதன் சொல்வது.

நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கம்போல வெட்ட உட்கார்ந்தான். ஒன்பதுக்கு இன்னும் அரை மணி இருந்தது. தன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. மொஹிங்கா இருக்கட்டும், அது மனிதத் தன்மையாக இருக்கிறது. கடை, பேருந்து, தேர்தல். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் திரையில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது. அளந்தான். நாலு வினாடி. அதன் இரண்டு பக்கமும் கோடு போட்டு நீக்கும் பொத்தானை அழுத்தினான். கேள்வியும் பதிலும் ஒட்டிக்கொண்டன. மொத்தம் ஐம்பத்திரண்டு வினாடி. "சகோதரா" என்ற இடத்தை மூன்று தரம் ஓட்டிக் கேட்டான். ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

இரண்டு நாளில் அதைப் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அவன் வெட்டியதில் வேறெதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை. வியாழக்கிழமை பின்னூட்டங்களைப் படித்தான். அவன் பேச்சைக் கேட்டு மனது நிம்மதியானதாக ஒரு கிழவி எழுதியிருந்தாள். அவள் தேவாலயத்துக்குப் பர்மியக் குடும்பம் ஒன்று வருகிறதாம், ஊர் திரும்பினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்று கவலையாக இருந்ததாம். அதற்குக் கீழே படிக்காமல் மூடினான். கைலுக்கு எழுதினான்: இதை எடுத்துவிட முடியுமா, இங்கே எனக்குச் சிக்கல் வரலாம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பெயரும் இல்லை, முகமும் இல்லை, அதோடு நீ உன் அரசாங்கத்துக்கு விரோதமாக ஒன்றும் சொல்லவில்லையே, என்ன சிக்கல்? கடைசியில் ஒரு கட்டைவிரல் படம். அதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏற்றும் கடவுச்சொல் பிரேமிடமே இருந்தது. எடுத்தால் வேலை போகும். எடுத்தாலும் மற்றவர்கள் ஏற்கெனவே நகலெடுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது காரணத்தையே அவன் மனதில் வைத்துக்கொண்டான்.

பாலா ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூப்பிடுவான். அந்த ஞாயிறு அம்மா முதலில் பேசினாள். போனை மேசைமேல் வைத்து, ஒலியைக் கூட்டி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பேசுவது அவள் வழக்கம். சாப்பிட்டாயா, பனி விழுகிறதா, மேல்சட்டை போடுகிறாயா. பிறகு பாலா, அம்மா, நான் அங்க வந்துட்டா என்ன, என்று விளையாட்டுப்போலக் கேட்டான்.

"வாய்யா" என்றாள் அம்மா. "இங்க ஒரு கொறையும் இல்ல. அண்ணன் இருக்கான். ஒம் மெத்தயகூட நான் யாருக்கும் குடுக்கல."

பாலா சிரித்தான். "அம்மா சொல்றத நான் எப்பவும் பாதியாத்தான் எடுத்துக்குவேன். அண்ணங்கிட்ட குடு."

அம்மா அடுப்பங்கரைக்குப் போனாள். பிரேம் ஒலியைக் குறைத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டான். அங்கே பாலா எங்கோ வெளியே நிற்கிறான் போலிருந்தது, காற்று அடித்தது.

"எங்க சூப்பர்வைசர் ஒரு வீடியோ காட்டுனாருண்ணே. நல்ல மனுசன். ஒனக்கு நல்ல சேதி வந்திருக்குப்பான்னு கூப்புட்டுக் காட்டுனாரு."

பிரேம் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"மொஹிங்காவுக்கு வெளக்கம் சொன்ன பாரு, டியூசன் புள்ளைங்களுக்குச் சொல்ற மாரி. நீதான்னு அங்கயே தெரிஞ்சிபோச்சு" என்றான் பாலா. "அந்த ஆளுக்குத்தான் வேலை செய்றியா?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"மூணு வருசம்."

"சரி. பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல."

இதைப் பாலா கோபமாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. தன் நிலைமையைத்தான் சொன்னான். வக்கீல் அடைக்கலம் கேட்டு மனுப் போடச் சொல்கிறார். போட்டால் வருடக்கணக்காக இழுக்கும், நடுவில் வந்து பிடித்துக்கொண்டு போகவும் செய்யலாம். கூட வேலை செய்த ஒருவனை அப்படித்தான் பிடித்தார்கள். இன்னொரு வழி, தானாகவே கிளம்புவதாக எழுதிக் கொடுத்துவிடுவது. டிக்கெட்டை அவர்களே போட்டுத் தருகிறார்கள். அவனுக்கு அலுத்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்து, யாராவது கதவைத் தட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அம்மாவைப் பார்த்து ஆறு வருடமாகிறது. வெள்ளிக்கிழமைக்குள் வக்கீலுக்கு ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

அடுப்பங்கரையில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். பிரேம் சன்னலருகே போனான். கீழே தெருமுனைத் தேநீர்க் கடையில் இரண்டு பேர் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரென்று தெரியவில்லை. எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு கயிறு இறங்கியது, அதன் நுனியில் கட்டியிருந்த பையில் செய்தித்தாளைப் போட்டார்கள், மேலே ஏறியது.

"நம்ம வீட்ல நீ எதுவும் யோசிக்காம சொல்ல மாட்ட" என்றான் பாலா. "பேனா வாங்கித் தான்னு கேட்டாக்கூட, இருடா பாக்கலாம்னு சொல்லிட்டு அப்பறந்தான் பதில் சொல்லுவ. இதுல அவன் கேக்குறான், நீ எழுதிக் குடுத்தத படிக்கிற மாரி பொசுக்குன்னு சொல்ற. நான் இருபது வாட்டி கேட்டுட்டேண்ணே. ஒரு நொடிகூட யோசிக்கல நீ."

"பாலா" என்றான் பிரேம்.

"நீ ஒண்ணும் வெளக்க வேணாம். போன்ல வெளக்கவும் முடியாது, எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் கேக்குறேன். அதுக்கு ஆமா இல்லன்னு சொன்னாப் போதும், நான் வெள்ளிக்கெழம பாத்துக்குறேன்." காற்று ஓய்ந்திருந்தது. பாலா எங்கோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது கேட்டது. "நீ அத சொன்னப்ப, அண்ணே, பக்கத்துல யாராச்சும் நின்னாங்களா?"