ஒரு சொம்புத் தண்ணீர்

"இரும்மா, அவன் இன்னும் கெளம்பல" என்று ஜம்பகம் கையை நீட்டிச் சமையலறை வாசலை மறித்தாள்.

தோளில் பையோடு தேவசேனா மருமகளுக்குரிய லட்சணத்தோடு நின்றாள். கூடத்தில் அவள் பாவா என்று கூப்பிடுகிற கணவனின் அண்ணன் குமாரசுவாமி திருநீற்றை நிதானமாகக் குழைத்துக்கொண்டிருந்தார். பரம்பரையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். அவர் வீட்டை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்வரை கைம்பெண் எதிரே வரக்கூடாது. அவர் வாய் திறந்து ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. சொல்கிற வேலையை அவர் அம்மா ஜம்பகம் பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு முறை தேவசேனா தெரியாமல் எதிரே வந்துவிட்டாள். அவர் உள்ளே திரும்பி, உட்கார்ந்து, சகுனத் தடை கழிய ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அன்று மடைப்பள்ளியில் பொங்கல் அடிபிடித்தது. பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

கைபேசி அதிர்ந்தது. ஆய்வகத்தில் கூட வேலை செய்கிற ஹெப்சி. "அக்கா, எங்க கீறீங்க? வண்டி வந்துகினு இருக்கு!"

"இன்னிக்கி புது மெஷின்ல என்னோட மொத சோதனை அத்தை. நேரத்துக்குப் போவணும்."

"மெஷினு எங்கயும் ஓடிப்போவாது. நாகேஷு போனதுலேர்ந்து இந்த வூட்டுல நல்லதுன்னு ஒண்ணு நடக்கல. இவனாவது நல்லா இருக்க வேணாமா?"

அவள் கணவன் நாகேஷ் இரண்டாண்டுகளுக்கு முன் திருப்பதி சாலையில் லாரி மோதி இறந்தான். படி படி என்று அவளைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பியதே அவன்தான். அவன் அம்மாவிடம் இப்போது அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? தேவசேனாவுக்கு வாதாடும் தெம்பெல்லாம் போய்விட்டது. ரயில் ஊதிக்கொண்டு போவது கேட்டது. அதற்குப் பிறகுதான் குமாரசுவாமி செருப்பு மாட்டினார். எதிரே கைம்பெண் வரக்கூடாது என்று எழுதிவைத்த மகானுபாவனுக்குப் புறநகர் ரயில் நேரம் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த ரயிலில் நின்றுகொண்டே போனாள். ஆய்வகத்துக்குள் நுழையும்போது பேராசிரியர் வரதராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தப் பார்வையை அவள் தினமும் வாங்கிக்கொள்கிறாள். ஏன் தாமதம் என்று அவர் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். படிக்கிற இடத்தில் போய்ச் சொல்லக்கூடிய காரணமா அது?

அம்மையார்குப்பம் நெசவாளர் வீடுகளில் பரம்பரையாக வரும் ரத்தசோகைக்கு எந்த மரபணு காரணம் என்பது அவளுடைய ஆய்வு. வீடு வீடாகப் போய், கெஞ்சி ரத்தம் வாங்கி, அதிலிருந்து மரபணுவைப் பிரித்து உறைபெட்டியில் சேர்த்துவைத்திருந்தாள். புது இயந்திரத்தில் அதை ஓட்டிப் பார்த்து இந்த மாதத்துக்குள் முடிவு காட்டினால்தான் ஆய்வைத் தொடர அனுமதி. இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு அந்தச் சமையலறை வாசலுக்கே போய் நிற்க வேண்டியதுதான்.

கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, கையுறை மாட்டி, தட்டின் ஒவ்வொரு குழியிலும் துளித்துளியாக விட்டாள். ஒரு குழியில் மட்டும், சரிபார்ப்பதற்காக, மரபணு இல்லாத வெறும் தண்ணீர். மரபணு பெருகப் பெருகக் குழியில் ஒளி கூடும், இயந்திரம் அதை அளக்கும். தண்ணீர்க் குழி மட்டும் இருட்டாக இருக்க வேண்டும். அது ஒளிர்ந்தால் மற்றதெல்லாம் குப்பை.

மேலே கண்ணாடித்தாள் ஒட்டித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது இயந்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம்.

"நல்ல நேரம் முடியப்போவுது" என்றார் வரதராஜன். அவள் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல், "தேவசேனா, தப்பா எடுத்துக்காதம்மா. புது மெஷின். மொதல்ல ஒரு சுமங்கலி கை படட்டும். ஹெப்சி, நீ வாம்மா. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணு."

ஹெப்சி திடுக்கிட்டாள். "சார், எங்க வீட்டுல பொட்டே வெக்கறதில்லையே."

"மங்களத்துக்கு மதம் ஏதும்மா? வா."

ஹெப்சி தயங்கித் தயங்கி விரலால் மஞ்சளைக் குழைத்து இயந்திரத்துக்குப் பூசினாள், குங்குமம் வைத்தாள். "அந்தக் கையாலயே தட்டையும் வெச்சிடும்மா" என்றார் வரதராஜன்.

"சார், கையுறை..." என்றாள் தேவசேனா.

"ஒரு நிமிஷ வேலை. கையுறை போட்டுக்கினா மங்களம் பண்ணுவாங்க?"

கையுறை இல்லாமல் கதவைத் தொட்டாலே திட்டுகிற மனுஷர்! தேவசேனா தட்டைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும் அதே இடத்தில்தான் நிற்கிறோம் என்று தோன்றியது.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரையில் முடிவு வந்தது. எல்லாக் குழியும் ஒளிர்ந்தது. தண்ணீர்க் குழியும்.

வரதராஜன் பெருமூச்சு விட்டார். "உம்மேல தப்புன்னு சொல்லல. சில பேருக்கு அப்படி அமைஞ்சிடுது. அடுத்த தடவை தட்டையும் வேற யாராவது போடட்டும்."

மடைப்பள்ளிப் பொங்கல் அவளுக்கு ஞாபகம் வந்தது. இங்கேயும் அடிபிடித்துவிட்டது!

அவள் இயந்திரத்தைத் திறந்தாள். தட்டின் மேல் ஒட்டிய கண்ணாடித்தாளில், தண்ணீர்க் குழியின் மேலேயும், மஞ்சள் தீற்றியிருந்தது. உள்ளே, தட்டு உட்காரும் இடத்திலும் விரல் தடம். விளக்குகளை அணைத்துவிட்டு நீல வெளிச்சத்தைத் தட்டின்மேல் பிடித்தாள். தடம் பச்சையாகப் பளபளத்தது. ஹெப்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மஞ்சள் ஒளிரும் சார். மரபணு பெருகறதுக்கு முன்னாடியே மெஷினுக்கு ஒளி தெரிஞ்சிருக்கு. என் கை இல்ல சார் காரணம்."

வரதராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"மாதிரி மீதி இருக்கா?"

"இன்னும் ஒரு தடவைக்கு இருக்கு சார்."

"நாளைக்கி பத்து மணிக்கி மெஷினை வேற குழு எடுத்துக்குது. அதுக்குள்ள முடிச்சிடு." எழுந்துபோன மனுஷர் வாசலில் நின்று மற்றவர்களிடம் சொன்னார்: "இனிமே மஞ்சளு குங்குமம்லாம் மெஷினுக்குப் பின்பக்கம் வைங்கப்பா."

அவ்வளவுதான். அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

மாலை ரயிலில் ஹெப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும்க்கா. எங்க சபையிலயும் இதான். கல்யாணம்னா எங்க பெரியம்மா பின்வரிசையில போய்க் குந்திக்குவாங்க. யாரும் சொல்லக்கூட வேணாம்."

"நீ இன்னா பண்ணுவே? வுடு" என்றாள் தேவசேனா. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

நேற்றுத் தவறவிட்ட அதே ரயிலுக்கு மறுநாள் அவள் தயாரானபோது கூடத்தில் திருநீறு குழையும் சத்தம். ஜம்பகத்தின் கை வழக்கம்போல வாசலில் நீண்டது. "இரும்மா. அவன்..."

தேவசேனா அந்தக் கையை மெல்ல எடுத்து விலக்கினாள். கூடத்தைக் கடந்தாள். குமாரசுவாமி அதற்குள் பூசி முடித்துப் படியில் ஒரு கால் வைத்திருந்தார். அவள் அவருக்கு முன்னால் இறங்கித் தெருவில் நின்றாள்.

"ஐயையோ, இன்னாடி இது அநியாயம்!" ஜம்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

குமாரசுவாமி தேவசேனாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்புறம் வைத்த காலை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

"அத்தை" என்றாள் தேவசேனா. குரல் உயரவில்லை. "இனிமே தெனமும் நான் இந்த வண்டிக்குத்தான் போவேன். பாவாவுக்கு ஒரு சொம்புத் தண்ணி மோந்து வாசல்லயே வெச்சிருங்க."

ரயில் ஊதியது. அவள் வேகமாக நடந்தாள். ஹெப்சி ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள்.